காற்புள்ளி பிரிக்கும் ஆட்கள்

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவின்படி, புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளில் பிறந்து அந்த நாளில் அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றது 5-ஆம் பிரிவு.

இதில் 'பிறந்து வசித்த' என்பது ஆளைப் பிரித்துக் காட்டும் தொடர். பாரிஸில் பிறந்து பாரிஸிலேயே இருப்பவர் இதற்குள் வரமாட்டார். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இத்தகைய தொடர் 'குடிமக்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும். காற்புள்ளி இல்லாமல் ஒட்டி எழுதினால், அந்த நிபந்தனைக்கு உட்பட்டவர்கள் மட்டும் என்று பொருள். தொடரின் இரு பக்கமும் காற்புள்ளி இட்டாலோ, அது கூடுதல் தகவலாகிவிடும். பிரெஞ்சுக் குடிமக்கள் அத்தனை பேருமே இங்கே பிறந்தவர்கள், அத்தனை பேருமே இந்தியர் ஆகிறார்கள் என்றாகிவிடும்!

சந்தேகம் வந்தால் தொடரை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். யாரைப் பற்றிய பேச்சு என்பது மாறிப்போனால் காற்புள்ளி கூடாது. மாறாவிட்டால் இரண்டு வேண்டும். முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம். மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி போடு என்று சொல்லிக் கொடுப்பது இங்கே உதவாது.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. செந்தாமரை என்றால் வெண்தாமரையும் உண்டு. அங்கே அடைமொழி பிரிக்கிறது. செஞ்ஞாயிறு என்றால் பிரிப்பதற்கு இன்னொரு ஞாயிறு இல்லை. இப்படி இனமில்லாத பொருளுக்கு அடை கொடுப்பது பேச்சு வழக்கில் இல்லை, செய்யுளுக்கே உரியது என்கிறது தொல்காப்பியம். வழக்கிலும் வரலாம் என்று பின்னால் நன்னூல் இடம் கொடுத்தது. ஓலையில் காற்புள்ளியே இல்லாத காலத்தில் இவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்வதால், காற்புள்ளிக்கு அங்கே இடமில்லை. 'பிரான்ஸில் இருக்கும் என் அண்ணன் பொங்கலுக்கு வருகிறார்.' புதுச்சேரியில் பல வீடுகளில் கேட்கக்கூடிய வாக்கியம் இது. இருப்பது ஒரே அண்ணனா, பலரில் ஒருவரா? தெரியாது. ஒருவர்தான் என்றால் வாக்கியத்தை உடைத்துவிடுவதே நல்லது: 'என் அண்ணன் பிரான்ஸில் இருக்கிறார். பொங்கலுக்கு வருகிறார்.' பலர் என்றால், 'என் அண்ணன்களில் பிரான்ஸில் இருப்பவர் பொங்கலுக்கு வருகிறார்' என்று எழுதலாம்.