குமட்டல் முதலில், குணம் பிறகு

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் மருந்துக் கடை நடத்துகிறேன். லேத், பிரஸ், சிஎன்சி என்று ஷிப்ட் வேலை பார்க்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் நிறையப் பேர் வருவார்கள். மனச்சோர்வுக்கு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த சீட்டோடு மாத்திரை வாங்கிப்போனவர், சில நாளில் திரும்பி வருவார். "அண்ணே, வயித்தப் புரட்டுது, தூக்கமும் போச்சு. நிறுத்திடட்டுமா?"

நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள் என்பதுதான் என் பதில்.

எஸிடாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் வழியாக வேலை செய்கின்றன. உடம்பின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது. மனசுக்குப் போட்ட மாத்திரை வயிற்றைக் கலக்குவது அதனால்தான். குமட்டல், பேதி, தலைவலி எல்லாம் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். மனம் தெளியத் தொடங்கவோ 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலனுக்கு 6, 8 வாரம்கூட ஆகலாம். தொல்லை மட்டும் தெரிந்து பலன் தெரியாத இந்த இடைவெளியில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால், காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. மிர்டாசபின் தூக்கத்தையும் பசியையும் கூட்டும். அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும். பிரஸ் மெஷினில் கை வைப்பவர், வண்டி ஓட்டுபவர் தம் வேலையை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சிலர் தாம்பத்தியக் குறையைச் சொல்வார்கள். இதுவும் பலருக்கு வருவதுதான். தானாகச் சரியாகாமல் போகலாம். ஆனால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்க வழி உண்டு.

நாளெல்லாம் நின்று வேலை செய்பவர்கள் வலி மாத்திரை கேட்பது வழக்கம். டைக்ளோஃபெனாக்கை எஸிடாலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றோடு சேர்த்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிரமடால் சேர்ந்தால் செரட்டோனின் மிகையாகி, காய்ச்சல், நடுக்கம், தசை இறுக்கம் வரலாம். அப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் மாத்திரை அட்டையை அறையிலேயே விட்டுவிடுவார். திடீரென நின்றால் தலைசுற்றல், எரிச்சல், ஷாக் அடித்தாற்போன்ற உணர்வு வரும். அது போதைப் பழக்கம் அல்ல. நிறுத்தும் காலம் வந்தால் டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு, இருப்புக் கொள்ளாத தவிப்போ சாக வேண்டும் என்ற எண்ணமோ வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இரவானாலும் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.