சவரக்கத்தியின் கோணல்

விஜயநகரில் குடியேறிய நம்மவர் சிலரின் இல்லங்களில் பாட்டனாரின் மடக்குச் சவரக்கத்தி இன்றும் பெட்டியடியில் கிடக்கக்கூடும். ஷெஃபீல்டும் ஸோலிங்கனும் இத்தகைய கத்திகளுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். அதைப் புதுப்பிக்க விழையும் அன்பர்கள், தீட்டுவதற்கு முன் கத்தியை மெல்ல மடக்கிப் பார்த்தல் வேண்டும். அலகு பிடியின் நடுவே அமராமல் ஒரு பக்கத்தைத் தொடுமாயின், மூடுந்தோறும் கூர் சிதையும். தீட்டிய உழைப்பும் வீணாகும்.

அலகை வளைத்து நிமிர்த்த முயலலாகாது; கடின எஃகு முறிந்துவிடும். குறை பெரும்பாலும் அச்சாணியிலோ பிடியிலோதான் இருக்கும். ஆணி தளர்ந்திருப்பின், கூரின்மீது தடித்த துணி சுற்றி, ஆணியைப் பட்டடைமேல் வைத்து, அதன் இருபுறத் தலைகளையும் சிறு சுத்தியலால் மாறி மாறி மெல்லத் தட்டுக. நாலைந்து தட்டுக்கு ஒருமுறை மடக்கிப் பார்க்க. கோணிய கொம்புப் பிடியை வெந்நீரில் இளக்கி நிமிர்த்தலாம். செல்லுலாயிடு பிடியையோ தீயருகே கொண்டுசெல்லலாகாது, நொடியில் பற்றிக்கொள்ளும். அலகு நடுவில் அமர்ந்த பின்னரே தீட்டுகல்லை எடுங்கள்.