யானைக் குட்டிகளைத் தாக்கும் ஹெர்ப்பீஸ் நோய்

கன்று ஈன்றவுடன் சீம்பால் கொடுக்க வேண்டும் என்பது கறவை மாடு வளர்ப்போர் அறிந்ததே. பசுவின் உடலிலுள்ள நோய் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே கன்றுக்குச் செல்வதில்லை, சீம்பாலில்தான் கிடைக்கின்றன. யானையில் அப்படியன்று. குட்டி தாயின் கருவிலேயே எதிர்ப்பொருள்களைப் பெற்றுப் பிறக்கிறது. ஆனால் தாய் தந்த இந்தச் சேமிப்பு மாதங்கள் செல்லச் செல்லக் கரைந்துவிடும். அதன்பின் சுமார் ஒன்று முதல் எட்டு வயது வரை ஹெர்ப்பீஸ் நச்சுயிரியால் ஆபத்து மிகுதி.

1995-இல் வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சி சாலையில் 'குமாரி' என்ற 16 மாதக் குட்டி திடீரென இறந்தது. அதைத் தொடர்ந்த ஆய்வில் இந்நச்சுயிரி அடையாளம் காணப்பட்டு, 1999-இல் விவரம் வெளியாயிற்று. தென்னிந்தியாவில் ஒன்பது இறப்புகளுக்கு இதுவே காரணம் என 2013-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. 2021-இல் கேரளத்தின் கோட்டூர் யானைகள் மறுவாழ்வு மையத்தில் இரு குட்டிகள் மாண்டன.

வளர்ந்த யானைகள் பலவற்றின் உடலில் இந்நச்சுயிரி நோய் உண்டாக்காமல் தங்கியிருந்து, அவ்வப்போது துதிக்கை நீரில் வெளிப்படுகிறது. தாயின் எதிர்ப்பொருள் இருக்கும்போதே இதைச் சந்திக்கும் குட்டி இலேசான தொற்றோடு தப்பி, சொந்த எதிர்ப்புத் திறனைப் பெறுகிறது என்று கருதப்படுகிறது. நோயால் இறந்த குட்டிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது உரிய எதிர்ப்பொருள் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. எனவே நோய்க்கு அஞ்சிக் குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்து வளர்ப்பது சரியான வழியாகாது என்பது என் கருத்து.

சோர்வு, தீனி எடுக்காமை, நொண்டுதல், தலை வீக்கம், நாக்கு ஊதா நிறமாதல் ஆகியவை அறிகுறிகள். நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைந்து உள்ளே இரத்தம் கசிவதால் ஓரிரு நாளிலேயே உயிர் போகலாம். நாக்கு நிறம் மாறியபின் மருத்துவம் பலிப்பது அரிது. வாரந்தோறும் இரத்தம் எடுத்துச் சோதித்தால் அறிகுறி தோன்றுமுன்பே நச்சுயிரியைக் கண்டுவிடலாம். உடனே ஃபாம்சிக்ளோவிர் போன்ற மருந்தும், வளர்ந்த யானையின் இரத்த நீரும் கொடுக்கப்படுகின்றன. குட்டி இரத்தம் கொடுக்கப் பழகியிருந்தால்தான் இவையெல்லாம் நடக்கும். பாகரின் பொறுமைதான் இங்கு முதல் மருந்து.

கோழிக்குஞ்சுகளுக்கு முதல் நாளே போடும் மேரக்ஸ் தடுப்பூசியும் ஒரு ஹெர்ப்பீஸ் நோய்க்கானதே. யானைக்கான தடுப்பூசி 2024-இல் ஹூஸ்டன் மிருகக்காட்சி சாலையில் 40 வயதுப் பெண் யானைக்கு முதன்முதலாகப் போடப்பட்டது.

இந்நோய் ஆடு, மாடுகளுக்கோ மனிதருக்கோ தொற்றாது. ஆயினும் காட்டோர நிலங்களில் தனித்துத் திரியும் யானைக் குட்டியைக் கண்டால் பசும்பால் புகட்ட முயலாமல் உடனே வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.