இரும்பு குறைந்தால் குடல் செல்லுக்கு என்ன ஆகிறது?

உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பெரும்பாலும் உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. அங்கு விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்புகளின் மேலுள்ள செல்களுக்கு ஆயுள் மூன்று முதல் ஐந்து நாள்தான். அடியிலுள்ள குழிகளில் பிறக்கும் புதிய செல்கள் மேலேறி அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. மேலே உள்ள செல்லுக்கு இரும்பு உணவிலிருந்து வருகிறது. குழியில் பிரியும் செல்லுக்கோ ரத்தத்திலிருந்துதான் வர வேண்டும். ரத்தத்தில் இரும்பு குறைந்தால் பிறப்பிடமே தடுமாறும்.

டி.என்.ஏ.வுக்கான மூலக்கூறுகளைத் தயாரிக்கும் நொதிக்கு இரும்பு கட்டாயம். அது இல்லாவிட்டால் செல் பிரியும் முன்பே நின்றுவிடும். 'வளர்' என்ற கட்டளையும் மங்குகிறது. இன்சுலின், அதைப் போன்ற வளர்ச்சிக் காரணிகள், அமினோ அமிலங்கள் ஆகியவை தரும் செய்திகளைத் திரட்டிப் புரத உற்பத்தியை முடுக்குவது எம்டார் என்னும் புரதம். ஹெச்.ஐ.எஃப். என்ற இன்னொரு புரதத்தை உடல் ஓயாமல் அழித்துக்கொண்டே இருக்கும். அழிக்கும் நொதிக்கும் இரும்பு வேண்டும். இரும்பு குறையும்போது ஹெச்.ஐ.எஃப். தேங்கி, எம்டாரை அடக்கும் ரெட்1 புரதத்தைக் கூட்டுகிறது. இரும்பைப் பிடுங்கும் மருந்து கொடுத்து ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இத்தகைய ஆய்வுகளில் பயன்படும் செல்கள் பெரும்பாலும் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்தவை. அந்த முடிவை அப்படியே மனிதக் குடலுக்குப் பொருத்திப் பார்ப்பது அவசரம்.

அதே ஹெச்.ஐ.எஃப். குடும்பத்தின் இரண்டாம் வகை, மேலே உள்ள செல்லில் இரும்பை உள்ளிழுக்கும் புரதங்களைப் பெருக்குகிறது. அதாவது வளர்ச்சியைச் சுருக்கி, வாயிலை அகலத் திறக்கிறது குடல். சாப்பாட்டில் இரும்பே இல்லையென்றால் திறந்த வாயிலால் பயனில்லை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எல்லாமே இரும்புக் குறைவால் வந்தவை அல்ல. சேர்வராயன் மலையின் பழைய தானியங்களான சாமை, தினை, கேழ்வரகில் இரும்பு உண்டு; கூடவே அதைப் பிடித்துவைக்கும் பைட்டேட்டும் உண்டு. ஊறவைத்து முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் பைட்டேட் குறையும். புளித்த கேழ்வரகுக் கூழின் அருமை அதுதான். செருப்பில்லாமல் ஈரமண்ணில் நடப்பவர்களின் பாதம் வழியே நுழையும் கொக்கிப்புழு, சிறுகுடலிலேயே ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறாதவர்கள் இதையும் சந்தேகிக்கலாம்.

அதே சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். அந்தக் காபிதான் இங்கே இரும்புக் கணக்கைக் கெடுக்கிறது. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு ஒரு கப் காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சல் 39 சதவீதம் குறைந்தது. தேநீருக்கு 64 சதவீதம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அதே பாதிப்பு. ஒரு மணி நேரம் முன்னதாகக் குடித்தபோது மட்டும் குறையவில்லை. இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொண்டு, காபியை அதற்கு வெகுநேரம் முன்பே முடித்துவிடுவது நல்லது.