மலை ஊற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டம். பாதை ஓரத்தில், பாறை இடுக்கில் ஊற்று ஒன்று கசிந்து ஓடுகிறது. தண்ணீர் பளிங்கு போல் இருக்கிறது. கையில் ஏந்திக் குடித்தால் பல் கூசுகிறது. அவ்வளவு குளிர்ச்சி!

"இது மலைத் தண்ணீர். இதில் நோய் ஏது?" என்று பலர் நினைக்கிறார்கள்.

அது தவறு. காலரா என்னும் வாந்திபேதி, டைபாய்டு காய்ச்சல், மஞ்சள் காமாலை, சீதபேதி ஆகிய நோய்களின் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீரிலும் அவை இருக்கலாம். குளிர் அவற்றைக் கொல்லாது. குளிர்ந்த தண்ணீரில் டைபாய்டு, காமாலைக் கிருமிகள் கூடுதல் நாட்கள் உயிரோடு இருக்கும்!

மேலே வீடு, கீழே ஊற்று

ஊற்றுக்குக் கிருமி எப்படி வருகிறது?

நோயாளியின் மலத்தில் இருந்து வருகிறது. மலைச் சரிவில் மேலே வீடுகள் இருக்கும். கீழே ஊற்று இருக்கும். திறந்த வெளியில் கிடக்கும் அசுத்தத்தை மழை அடித்துக்கொண்டு வரும். கக்கூஸ் குழியின் கசிவும் அதோடு சேரும். எல்லாம் கீழேதான் இறங்கும்.

நீலகிரிக்கு மழைக்காலம் இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம் கொட்டும்.

2019 ஆகஸ்டு மாதம் ஊட்டிக்கு அருகே உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 140 சென்டிமீட்டர்தான்!

2009 நவம்பரில் பெருமழையால் நீலகிரியில் மண் சரிந்தது. 40 பேருக்கு மேல் மாண்டார்கள். மண் சரிந்தால் வீடு மட்டும் இடியாது. குடிதண்ணீர்க் குழாயும் உடையும். குழாயில் தண்ணீர் நிற்கும்போது, விரிசல் வழியாகச் சேற்றுநீர் உள்ளே புகுந்துவிடும்.

சூடேறும் பூமி

இப்போது பூமியின் வெப்பம் கூடி வருகிறது. காற்று 1 டிகிரி சூடேறினால், சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்தால், கொட்டித் தீர்க்கும்.

மழை பொய்த்தாலும் ஆபத்துதான். ஊற்று சுருங்கும். குடத்தில் பல நாள் தண்ணீரைச் சேர்த்து வைப்பார்கள். கையை விட்டு மொள்வார்கள். கை கழுவத் தண்ணீர் மிஞ்சாது.

ஊட்டியில் ஒரு விந்தை

இதற்கு என்ன வழி? தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் குடிக்க வேண்டும்.

சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஊட்டி 7,300 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டிலும் இந்தக் கிருமிகள் செத்துவிடும். ஆனால், கொதி வந்தவுடன் இறக்கக்கூடாது. தளதளவென்று 3 நிமிடம் கொதிக்க வேண்டும். ஆறியதும் மூடி வைக்க வேண்டும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இந்தத் தண்ணீரையே கொண்டு போகலாம்.

உயிர் காக்கும் உப்பும் சர்க்கரையும்

பேதி கண்டவரின் உடம்பில் இருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறிவிடும். உயிரைப் பறிப்பது இதுதான். குழந்தைகள் சீக்கிரம் துவண்டு விடுவார்கள்.

1971-ம் ஆண்டு வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியது. 100 நோயாளிகளில் 30 பேர் வரை இறந்தார்கள். டாக்டர் திலீப் மகலநோபிஸ், உப்பும் குளுகோசும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். சாவு 100-க்கு 4-க்கும் கீழே குறைந்தது!

வீட்டிலும் இதைச் செய்யலாம். கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர். சர்க்கரை 6 தேக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி. தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடக்கூடாது. கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

மலை ஊற்றைக் கண்ணாரப் பாருங்கள். குடிப்பதற்கு முன், அதை அடுப்பில் ஏற்றுங்கள்!