தாளம் தப்பாத மின்தேக்கி

கம்பியே இல்லாமல் கைப்பேசிக்கு மின்சாரம் ஏறுகிறதே, இது மாயமா, மந்திரமா? இரண்டும் இல்லை. ஊஞ்சல் கணக்குதான்! ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னப் பிள்ளையின் கையே போதும். நேரம் தப்பினால் பயில்வான் தள்ளியும் பயனில்லை.

மின்னேற்றப் பலகையில் ஒரு சுருள், கைப்பேசியின் முதுகில் இன்னொரு சுருள். முதல் சுருளின் காந்தப்புலம் இரண்டாவதில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. பெறும் சுருளுக்குத் தாளம் அமைத்துக் கொடுப்பது, கடையில் 'கெப்பாசிட்டர்' என்று கேட்டு வாங்கும் மின்தேக்கி. 2010இல் வெளிவந்த 'சீ' தரநிலை, சுருளோடு தொடராக நிற்கும் மின்தேக்கி 100 கிலோஹெர்ட்ஸில் ஒத்திசைய வேண்டும் என்கிறது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சுருளைத் தனியே அளந்தால் 11 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 230 நானோஃபாரட் வரும். ஆனால் அதே சுருளைப் பலகையின் மேல் வைத்தால், அங்குள்ள ஃபெரைட் தகட்டால் அளவு 15 ஆக உயரலாம். அப்போது தேவைப்படுவது 169தான்! 230ஐப் போட்டால் தாளம் 86 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆகவே, வேலை செய்யும் இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அளவு சரியானால் போதுமா? போதாது. வகையும் முக்கியம். சின்னப் பீங்கான் மின்தேக்கிகளின் மேல் பெரும்பாலும் எழுத்தே இருக்காது. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். 'எக்ஸ்7ஆர்' வகையில் மின்னழுத்தமும் வெப்பமும் ஏறினால் கொள்ளளவு மாறும். அது 30 விழுக்காடு குறைந்தால் 100 கிலோஹெர்ட்ஸ் தாளம் ஏறக்குறைய 120க்கு ஓடிவிடும். 'சி0ஜி' வகை கொஞ்சம் விலை கூடினாலும் சொன்ன சொல் தவறாது. வெளியே வருவது 5 வோல்ட்தானே என்று தாங்குதிறனில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சுருளுக்குள் அழுத்தம் அதைவிட ஏறும். 50 வோல்ட் தாங்குவது நல்லது. 100, 68 நானோஃபாரட் இரண்டையும் பக்கவாட்டில் இணைத்தால் 168 கிடைக்கும். மின்னோட்டமும் பங்காகும், சூடும் குறையும்.

குனோங் ராபாட் இருக்கும் இதே ஈப்போ வட்டாரத்தில் கார்செம், யுனிசெம் ஆலைகள் சில்லுகளைப் பொதியிடுகின்றன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அத்தகைய ஆலைக்குப் போனால், கொடுத்ததைப் பொருத்துவதோடு நின்றுவிடலாமா? 'ஏன் இந்த அளவு, ஏன் இந்த வகை?' என்று கேட்கத் தெரிந்த பிள்ளைதான் இயந்திரத்தின் முன்னிருந்து வடிவமைப்பு மேசைக்கு நகரும்.