ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல்

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகக் கர்நாடகத்தின் மாலூருக்குப் போகிற சாலை, ஷிப்ட் மாறும் நேரத்தில் திணறிவிடும். கம்பெனி பேருந்துகள், காய்கறியும் ரோஜாவும் ஏற்றிய டெம்போக்கள், பள்ளி வேன்கள், இவற்றுக்கு நடுவே நூற்றுக்கணக்கான பைக்குகள். அந்தப் பைக்குகளில் போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு, தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசியபடியே போகிறவர்கள் உண்டு. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கிறது, கண்ணும் சாலையில்தான் இருக்கிறது. இதில் என்ன ஆபத்து என்று அவர்களுக்குத் தோன்றுவது இயல்பு.

சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் யோசிக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், வண்டி ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொடர்புக் கருவியை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் முறை பிடிபட்டாலே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். ஆனால் கை சும்மா இருந்தால் போதுமா?

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். 2003இல் வெளியான அவர்களின் ஆய்வில், கார் ஓட்டுவதுபோல் அமைத்த கருவியில் ஆட்களை உட்காரவைத்து, வழியில் விளம்பரப் பலகைகளைக் காட்டினார்கள். கண் எங்கே பதிகிறது என்பதையும் ஒரு கருவி குறித்துக்கொண்டது. பிறகு, எந்தெந்தப் பலகையைப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். கையில் பிடிக்காமல் போனில் பேசிக்கொண்டே ஓட்டியவர்கள், தங்கள் கண் நேராகப் பதிந்த பலகைகளையே அடையாளம் காணத் தடுமாறினார்கள். பேசாமல் ஓட்டியபோது நினைவில் நின்றவற்றில் ஏறத்தாழ பாதிதான் தேறியது. கண் பார்த்திருக்கிறது, மூளை வாங்கிக்கொள்ளவில்லை. விளம்பரப் பலகை இருந்த இடத்தில் சாலையைக் கடக்கிற ஒரு பிள்ளையை வைத்து நினைத்துப் பாருங்கள்.

ஏன் இப்படி? 2008இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்செல் ஜஸ்ட் குழுவினர், ஓட்டும் பாவனையில் இருந்தவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் கவனித்தார்கள். அவர்களைப் பேசக்கூடச் சொல்லவில்லை, காதில் விழும் வாக்கியம் சரியா தவறா என்று தீர்மானித்தால் போதும். அதற்கே, இடத்தையும் தூரத்தையும் கணிக்கிற மூளையின் உச்சிப் பகுதியில், ஓட்டுதலோடு சேர்ந்த செயல்பாடு 37 விழுக்காடு குறைந்துவிட்டது. கேட்பதும் ஓட்டுவதும் மூளையின் வெவ்வேறு பகுதிகளின் வேலை என்றாலும், செலவழிக்கக் கவனம் ஒன்றுதான் இருக்கிறது. ஒரே மோட்டாரில் வீட்டுக்கும் வயலுக்கும் ஒரு நேரத்தில் தண்ணீர் திறந்தால் இரண்டிலும் வேகம் குறைவது போலத்தான் இது.

முன்னால் போகிற வண்டி காரணமில்லாமல் ஊர்வதும், வழி கிடைத்தும் நகராமல் நிற்பதும், ஹாரன் அடித்தாலும் ஒதுங்காமல் போவதும் நம் எரிச்சலைக் கிளப்புகின்றன. அதற்கும் இங்கே விளக்கம் இருக்கிறது. போனில் பேசுகிறவர்கள் பிரேக் பிடிக்கவும் தாமதிக்கிறார்கள், வேகம் குறைந்தபின் பழைய வேகத்துக்குத் திரும்பவும் கூடுதல் நேரம் எடுக்கிறார்கள் என்று ஸ்ட்ரேயர் குழு 2006இல் காட்டியது. நெரிசலான சாலையில் அந்தத் தாமதம் பின்னால் வருகிற எல்லோர் தலையிலும் விழுகிறது.

“எனக்கெல்லாம் பழகிப்போச்சு, ரெண்டையும் பார்த்துக்குவேன்” என்கிற நம்பிக்கையையும் அவர்கள் சோதித்தார்கள். 200 பேரில் வெறும் 5 பேர் மட்டுமே இரண்டு வேலையையும் தடுமாறாமல் செய்தார்கள். மற்ற 195 பேரில் நாம் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரால் இந்த அளவு கெடுதல் இல்லை. டெம்போ குறுக்கே வந்தால் அவர் தானாகவே பேச்சை நிறுத்துவார், “பார்த்து, பார்த்து” என்பார். போனின் மறுமுனையில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்கிற அந்தக் குரல், லாரி திரும்புகிற நொடியிலும் பதிலுக்குக் காத்திருக்கும்.

1997இல் கனடாவின் டொரண்டோவில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டணப் பதிவுகளைப் புரட்டிய ரெடெல்மையரும் டிப்ஷிரானியும், பேசும்போது மோதல் ஆபத்து நான்கு மடங்காவதைக் கண்டார்கள். கையில் பிடிக்காத போன் பாதுகாப்பானது என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நம் நாட்டில் 2022இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் போனால் நேர்ந்தவை என்று பதிவானது ஏறத்தாழ 2 விழுக்காடுதான். மதுவைக் கண்டுபிடிக்க ஊதவைக்கும் கருவி உண்டு. கவனம் எங்கே போயிருந்தது என்று காட்ட அப்படி எதுவும் இல்லை. அதனால் உண்மை அதைவிட அதிகம் என்றே நினைக்கிறேன்.

பேச்சை முடித்ததோடு ஆபத்து முடிவதில்லை என்பதுதான் என்னை மிகவும் உலுக்கிய செய்தி. குரல் கட்டளையில் இயங்கும் கார்க் கருவிகளை 2015இல் ஆராய்ந்த ஸ்ட்ரேயர் குழு, மிகவும் சிக்கலான கருவிகளில், வேலை முடிந்த பிறகும் 27 நொடிகள் வரை கவனச்சிதறலின் மிச்சம் தங்குவதைக் கண்டது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 நொடி என்றால் 300 மீட்டர். பாகலூர் சாலையில் அந்தத் தூரத்துக்குள் ஒரு பேருந்து நிறுத்தமும், ஒரு டீக்கடையும், சாலையோரம் பூக்கூடை இறக்குகிறவர்களும் வந்துவிடக்கூடும்.